பழைய கம்ப்ரசரை ஓட்டுவதா, மாற்றுவதா: வரி போகக் கணக்கு

ஐந்து ஆண்டு ஓடிய ஒரு ஸ்குரூ கம்ப்ரசர் (திருகுகளால் காற்றை அழுத்தித் தரும் இயந்திரம்), 37 கிலோவாட் மோட்டார். சத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, எண்ணெயும் முன்னைவிடக் கூடுதலாகக் குடிக்கிறது. ஆனாலும் கேட்கிற காற்றைத் தந்துவிடுகிறது. கணக்குப் பிரிவைக் கேட்டால், “ஏட்டில் இன்னும் 300 நிற்கிறது, 180-க்கு விற்றால் 120 நட்டம் காட்ட வேண்டிவரும், வேண்டாம்” என்பார்கள். பராமரிப்பு ஆட்கள், “இன்னும் இரண்டு வருஷம் தாராளமாக இழுக்கலாம்” என்பார்கள். புதியதை விற்க வருபவர், “மின்கட்டணத்திலேயே போட்ட காசு திரும்பிவிடும்” என்பார். மூன்று பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் ஒருவர் ஏட்டு மதிப்பைப் பேசுகிறார், ஒருவர் ஆயுளைப் பேசுகிறார், ஒருவர் மின்சாரத்தைப் பேசுகிறார். மூன்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தால்தான் ஒப்பிட முடியும். அந்த அளவுகோல், வரி போக ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்பது.

கேள்வியையும் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். “புதியது வாங்கலாமா?” என்று கேட்டால் பதில் எப்போதும் ஆசைப்பக்கம் சாய்ந்துவிடும். “பழையதை இன்னும் ஓர் ஆண்டு வைத்திருக்க எனக்கு எவ்வளவு ஆகும்?” என்று கேட்டால் கணக்கு தானாக விழும்.

கீழே வரும் தொகைகள் எல்லாம் வெறும் அலகுகள். எந்த நாணயத்தைப் போட்டுக்கொண்டாலும் விகிதம் மாறாது. வரி விகிதம் 30 சதவீதம். போட்ட பணத்துக்கு வரி போக எதிர்பார்க்கும் வருவாய் 10 சதவீதம். தேய்மானம், அதாவது வாங்கிய விலையை ஆண்டுதோறும் பகுதி பகுதியாகச் செலவாக எழுதுவது, ஆண்டுக்குச் சம அளவு. செலவும் வரவும் ஆண்டுக் கடைசியில் நடப்பதாகக் கொள்கிறோம். நிறுவனத்துக்கு வரி கட்டும் அளவுக்கு லாபம் இருக்கிறது என்பதும் ஓர் அனுமானம்தான். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பழையதன் உண்மையான விலை

பழைய கம்ப்ரசரை 800-க்கு வாங்கி, 8 ஆண்டில் பூஜ்யமாகும்படி ஆண்டுக்கு 100 வீதம் தேய்மானம் எழுதியிருக்கிறார்கள். ஐந்து ஆண்டு போக ஏட்டு மதிப்பு 300. இன்று வந்து பார்த்தவர்கள் கேட்கும் விலை 180. ஆக மேசைமேல் மூன்று எண்கள் கிடக்கின்றன: 800, 300, 180. நம் கணக்கில் உட்கார வேண்டிய எண் இந்த மூன்றில் எதுவும் இல்லை. அது 216.

180-க்கு விற்றால் ஏட்டு மதிப்பைவிட 120 குறைவு. அந்த 120 நட்டத்தை மற்ற லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றால் வரியில் 36 மிச்சம். கையில் வருவது 180 + 36 = 216. விற்காமல் வைத்துக்கொண்டால் இந்த 216-ஐ வேண்டாம் என்று விடுகிறோம். பழையதில் இன்று நாம் போடும் முதலீடு அதுதான். “ஏற்கெனவே நம்முடையது, அதற்கென்ன விலை” என்று அதைச் சும்மா கிடைத்ததாக எடுத்துக்கொள்வது இந்தக் கணக்கில் எல்லோரும் செய்யும் முதல் தப்பு.

எதிர்ப்பக்கமும் நடக்கும். இதே இயந்திரத்துக்குத் தட்டுப்பாட்டுக் காலத்தில் 400 விலை கிடைத்தால், ஏட்டு மதிப்புக்கு மேல் 100 லாபம், அதற்கு 30 வரி, கையில் நிற்பது 370.

ஏட்டு மதிப்புக்கு இதில் ஒரே வேலை, விற்கும்போது வரி எந்தப் பக்கம் போகும் என்று சொல்வது. கணக்குப் பிரிவு அஞ்சும் 120 நட்டம் புதிதாக வரப்போகும் நட்டம் இல்லை. இயந்திரத்தின் சந்தை விலை எழுதிய தேய்மானத்தைவிட வேகமாக இறங்கியபோதே அது நடந்து முடிந்துவிட்டது. விற்றால் அது ஏட்டில் ஏறும், அதோடு 36 கைக்கும் வரும். 800 கொடுத்தோமே என்பதும் போன பணம். அதை எந்தப் பக்கத்திலும் சேர்க்கக் கூடாது.

இன்னும் ஓர் ஆண்டு ஓட்டினால்

அடுத்த ஆண்டு பழையதற்கு மின்சாரம் 388, பராமரிப்பு 100, ஆக 488. இது முழுக்கச் செலவாகக் கழியும் என்பதால் நம் பையிலிருந்து போவது இதில் 70 சதவீதம், அதாவது 341.6. இந்த ஆண்டுத் தேய்மானம் 100 வரியில் 30 மிச்சப்படுத்தும். ஆண்டுக் கடைசியில் சந்தை விலை 130 ஆக இறங்கியிருக்கும். ஏட்டில் 200 இருக்கும். விற்றால் 70 நட்டத்துக்கு 21 வரி மிச்சம் சேர்ந்து 151 வரும்.

இன்றைய 216, 10 சதவீதத்தில் ஓர் ஆண்டில் 237.6 ஆகியிருக்க வேண்டிய பணம். ஆக அந்த ஓர் ஆண்டின் செலவு: 237.6 − 151 + 341.6 − 30 = 398.2.

இரண்டாம் ஆண்டு: ஓட்டும் செலவு 530, வரி போக 371. கடைசியில் சந்தை விலை 90, ஏட்டில் 100, கையில் 93. ஆரம்பத்தில் இருந்த 151, வட்டியோடு 166.1. ஆக 166.1 − 93 + 371 − 30 = 414.1.

கவனியுங்கள், 216 என்ற இடத்தில் ஏட்டு மதிப்பு 300-ஐ வைத்திருந்தால் முதல் ஆண்டுச் செலவு 490.6 என்று வந்திருக்கும். வரியை மறந்து வெறும் 180-ஐ வைத்திருந்தால் 358.6. ஒரே இயந்திரம், ஒரே ஆண்டு, 132 அலகு வேறுபாடு. புதியதன் எண் வந்ததும் இந்த வேறுபாடு முடிவையே புரட்டும் என்பது தெரியும்.

புதியதன் ஆண்டுச் செலவு

வேகம் மாற்றி ஓடும் புதுக் கம்ப்ரசரின் விலை, வண்டி வாடகை, அடித்தளம், குழாய் இணைப்பு, மின்வேலை எல்லாம் சேர்த்து 1000. எட்டு ஆண்டுத் தேய்மானம், ஆண்டுக்கு 125. முதல் ஆண்டு மின்சாரம் 300, பராமரிப்பு 40. இரண்டும் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் 30 ஏறும். விற்பனை விலை ஆண்டுக் கடைசிகளில் 750, 600, 480, 390, 320, 260, 200, 150, 110, 80 என்று இறங்கும்.

முதல் ஆண்டை மட்டும் போட்டுப் பார்த்தால்: 1000 வட்டியோடு 1100, விற்றால் கையில் 787.5, ஓட்டும் செலவு வரி போக 238, தேய்மான வரி மிச்சம் 37.5. செலவு 513. மற்ற ஆண்டுகளும் இதே வழிதான்.

| ஆண்டு | விற்றால் வரி போகக் கையில் | அந்த ஓர் ஆண்டின் செலவு | அதுவரை ஆண்டுச் சமச் செலவு |
|---|---|---|---|
| 1 | 787.5 | 513.0 | 513.0 |
| 2 | 645.0 | 442.8 | 479.5 |
| 3 | 523.5 | 428.5 | 464.1 |
| 4 | 423.0 | 416.4 | 453.8 |
| 5 | 336.5 | 413.3 | 447.2 |
| 6 | 257.0 | 418.7 | 443.5 |
| 7 | 177.5 | 431.7 | 442.2 |
| 8 | 105.0 | 437.8 | 441.9 |
| 9 | 77.0 | 444.5 | 442.1 |
| 10 | 56.0 | 455.7 | 442.9 |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் உள்ள எண், ஒவ்வோர் ஆண்டின் செலவையும் இன்றைய மதிப்புக்கு இறக்கிக் கூட்டி, அத்தனை ஆண்டுக்கும் சமமாகப் பிரித்தது. மிகக் குறைவு 8-ஆம் ஆண்டில், 441.9. அதற்கு அடுத்த ஆண்டின் தனிச்செலவு 444.5, சராசரியைத் தாண்டிவிடுவதால் சராசரி அதன்பின் மேலே ஏறுகிறது. அடிப்பகுதி எவ்வளவு தட்டையாக இருக்கிறது பாருங்கள். 7 ஆண்டு, 9 ஆண்டு என்றாலும் அரை அலகுகூட வேறுபாடு இல்லை. “சரியான ஆயுள் 8 ஆண்டா 9 ஆண்டா” என்று கூட்டம் போட்டு வாதாடுவது வீண்வேலை. அந்த நேரத்தில் மின்சார அளவைச் சரியாக எடுக்கலாம்.

இனி ஒப்பீடு ஒரு வரிதான். பழையதற்கு அடுத்த ஆண்டு 398.2, புதியதற்கு ஆண்டுக்கு 441.9. ஓட்டுங்கள். அதற்கடுத்த ஆண்டு 414.1, அப்போதும் ஓட்டுங்கள். ஏட்டு மதிப்பைப் போட்டுக் கிடைத்த 490.6-ஐ நம்பியிருந்தால் இன்றே விற்றிருப்போம்.

இதில் திடீர் முறிவுக்கான செலவு இன்னும் சேரவில்லை. முதல் ஆண்டில் 43.7, இரண்டாம் ஆண்டில் 27.8 சாதகம் இருக்கிறது. வரிக்கு முந்திய தொகையாகப் பார்த்தால் ஏறக்குறைய 62, 40. முறிந்தால் வாடகைக் கம்ப்ரசர், நின்றுபோன உற்பத்தி எல்லாம் சேர்த்து 200 போகும் என்றும், முறிய ஐந்தில் ஒரு வாய்ப்பு என்றும் வைத்தால் எதிர்பார்க்கும் நட்டம் 40. முதல் ஆண்டு தாங்கும், இரண்டாம் ஆண்டு தராசு சமத்துக்கு வந்துவிடும். மாற்றுக் கம்ப்ரசர் ஒன்று தயாராக இருக்கும் பட்டறைக்கும், ஒன்றையே நம்பியிருக்கும் பட்டறைக்கும் விடை வேறாவது இந்த இடத்தில்தான்.

கழித்துப் பார்க்கும் பழக்கம்

“பழையதை விற்றால் 216 வருகிறது, புதியது 1000, ஆகவே உண்மையில் 784 போட்டால் போதும்” என்று சொல்வார்கள். பணப்பையைப் பொறுத்தவரை அது சரி. ஒப்பீட்டுக்கு அது பொருந்தாது. 216-ஐப் புதியதன் விலையில் கழித்தால் அது 8 ஆண்டுக்குப் பரவி ஆண்டுக்கு 40.5 ஆகிவிடும். ஆனால் பழையதை ஓர் ஆண்டு வைத்திருப்பதா என்ற கேள்வியில் அதன் எடை முழுசாக 237.6. இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆயுள் என்றால் எப்படிப் போட்டாலும் விடை ஒன்றாக வரும். இருப்பதற்கு இரண்டு ஆண்டு, வருவதற்கு எட்டு ஆண்டு என்றால் வராது. 216-ஐப் பழையதன் தலையில் விலையாகவே ஏற்றிவிடுங்கள், குழப்பம் தீரும். 1949-இல் ஜார்ஜ் டெர்பர்க் என்ற பொருளியலாளர் இருப்பதைத் தற்காப்பவர் என்றும் வருவதை அறைகூவுபவர் என்றும் பெயரிட்டு இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தினார். வெளியாள் ஒருவர் இரண்டு இயந்திரத்தையும் இன்றைய விலைக்கு வாங்க நிற்பதுபோல நினைத்துக்கொண்டால் அந்தப் பார்வை கைவரும்.

பழையதை எடுத்துக்கொண்டு புதியது தரும் வியாபாரத்தில் இன்னொரு வலை. பழையதற்கு 250 தருகிறேன் என்பார், புதியதன் விலையை 1070 என்று போட்டிருப்பார். ரொக்கத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். 1000 என்றால் பழையதன் விலை 180-தான், மீதி 70 சும்மா எண் விளையாட்டு. வரிக்கணக்குக்கு மட்டும் ரசீதில் எந்த எண் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். நட்டம் அல்லது லாபம் அதை வைத்தே தீர்மானிக்கப்படும்.

மூன்றாம் ஆண்டும் ஓவர்ஹாலும்

இரண்டு ஆண்டு ஓட்டியாகிவிட்டது. மூன்றாம் ஆண்டில் ஸ்குரூ பகுதியின் பேரிங், ஷாஃப்ட் சீல் எல்லாம் மாற்ற வேண்டும், 200 ஆகும். அந்த ஆண்டின் மற்ற ஓட்டும் செலவு 560. மொத்தம் 760, வரி போக 532. தேய்மானத்தின் கடைசி 30 கழிந்தால் 502. ஆரம்பத்தில் இருந்த 93, வட்டியோடு 102.3. சரிசெய்த இயந்திரத்துக்கு ஆண்டுக் கடைசியில் 110 விலை கிடைக்கும், ஏட்டில் பூஜ்யம், எல்லாம் லாபம் என்று வரி போனால் 77. அந்த ஆண்டின் செலவு 527.3. புதியதன் 441.9-ஐவிட மிக அதிகம்.

இதைப் பார்த்துத் தூக்கிப்போடுவது தப்பு. ஓவர்ஹால் செலவு ஒரே ஆண்டில் விழுகிறது, பலன் அடுத்த மூன்று ஆண்டில் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு செலவு ஏறிக்கொண்டே போனால் ஓர் ஆண்டுச் சோதனை போதும். நடுவில் மேடு ஒன்று இருந்தால் மேட்டையும் அதன் பின்னால் வரும் பள்ளத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

ஓவர்ஹாலுக்குப் பின் நான்காம் ஆண்டு ஓட்டும் செலவு 500, ஐந்தாம் ஆண்டு 530, ஆறாம் ஆண்டு 570. விற்பனை விலை 90, 70, 50. அந்த ஆண்டுகளின் செலவு முறையே 371.7, 391.3, 417.9. மூன்று முதல் ஆறு வரை நான்கு ஆண்டையும் சமப்படுத்தினால் ஆண்டுக்கு 430.9. புதியதைவிட 11 குறைவு. ஓவர்ஹால் ஜெயிக்கிறது, மயிரிழையில்.

அந்த 200-ஐ அந்த ஆண்டே செலவாக எழுத விடுவார்களா, சொத்தில் சேர்த்துத் தேய்மானமாகக் கழிக்கச் சொல்வார்களா என்பது வரிச்சட்டக் கேள்வி. இருந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு, ஆயுளையோ திறனையோ கூட்டுவது மூலதனச் செலவு என்ற பொதுவான பிரிப்பு பல நாடுகளில் உண்டு. பேரிங் மாற்றுவது முதல் வகை. அதோடு வேகம் மாற்றும் டிரைவ் ஒன்றையும் பொருத்தினால் அந்தப் பகுதி இரண்டாம் வகைக்குப் போகலாம், ஆகவே ரசீதைத் தனித்தனியாக வாங்குங்கள். 200-ஐ 5 ஆண்டுக்குப் பிரிக்கச் சொன்னால் ஆண்டுக்கு 2.6 மட்டுமே கூடி 433.5 ஆகிறது. எழும் வாக்குவாதத்தின் அளவுக்கு இதில் பணம் இல்லை.

வரிச்சட்டம் வேறாக இருந்தால்

புதியதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே கழிக்க விடும் சட்டமும் உண்டு. 125 வீதம் எட்டுத் தவணையாக வரும் கழிவுக்குப் பதில் 1000-மும் முதல் ஆண்டுக் கடைசியில் வந்தால், வரி மிச்சத்தின் இன்றைய மதிப்பு 200.1-இலிருந்து 272.7-க்கு ஏறுகிறது. 8 ஆண்டுக் கணக்கில் புதியதன் ஆண்டுச் செலவு 441.9-இலிருந்து 428.2-க்கு இறங்குகிறது. பொருளாதார ஆயுள்கூட, அதாவது ஆண்டுச் சமச் செலவு மிகக் குறையும் ஆண்டு, 7 ஆண்டாகச் சுருங்குகிறது (427.7). இப்போது 430.9 தோற்றுவிட்டது, ஓவர்ஹால் வேண்டாம், மாற்றுங்கள். இயந்திரம் இரண்டும் அதேதான், மின்சாரமும் அதேதான். கழிவு முன்கூட்டி வந்தது மட்டுமே முடிவைத் திருப்பியது. அதனால்தான் வரிக்கு முந்திய கணக்கை மட்டும் போட்டு முடிவெடுக்கக் கூடாது. ஆனாலும் இந்தச் சலுகையைக் காட்டி இன்றே வாங்கச் சொன்னால் ஏமாறாதீர்கள். முதல் இரண்டு ஆண்டில் பழையதன் 398, 414 அப்போதும் குறைவுதான். சலுகை காலாவதியாகப் போகிறது என்றால் மட்டும் அது தனிக் கணக்கு.

சொத்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் ஒரு தொகுதியாகச் சேர்த்துத் தேய்மானம் கொடுக்கும் முறையில் 216 என்ற எண்ணே செல்லாது. விற்ற பணம் தொகுதியிலிருந்து கழியும், தனி இயந்திரத்தின் நட்டமோ லாபமோ அன்றைக்குத் தெரியாது. பழையதை விற்றாலும் விற்காவிட்டாலும் மீதித் தொகுதியின் தேய்மானம் தொடரும், ஆகவே அந்த 30 வரி மிச்சத்தைப் பழையதன் கணக்கில் சேர்க்கக் கூடாது. குறையும் மதிப்பில் 15 சதவீதத் தேய்மானம் என்றால், ஒவ்வோர் 1 அலகு விற்பனைப் பணமும் இழக்கும் எதிர்கால வரி மிச்சம் 0.30 × 0.15 ÷ (0.15 + 0.10) = 0.18. ஆகவே 180-க்கு விற்றால் 147.6. அதே கணக்கில் புதியதன் 1000, 820 ஆகும். முழுக்கப் போட்டால் பழையதற்கு முதல் ஆண்டு 397, புதியதற்கு 444. விடை மாறவில்லை, ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வோர் எண்ணும் மாறிவிட்டது. வேறொரு நாட்டு மாதிரிக் கணக்கை அப்படியே எடுத்துப் போடுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

நிறுவனம் நட்டத்தில் ஓடுகிறது, நாலைந்து ஆண்டு வரியே வராது என்றால் அந்த 36, 30, 37.5 எல்லாம் காகிதத்தில் மட்டுமே. நட்டத்தை முன்னெடுத்துச் செல்ல அனுமதி இருந்தால் அவை லாபம் வரும் ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அந்த ஆண்டில் வைத்து இன்றைய மதிப்புக்கு இறக்க வேண்டும்.

கடன் வாங்கிப் போட்டாலும் வட்டியைச் செலவுப் பட்டியலில் சேர்க்காதீர்கள், 10 சதவீதத்திலேயே அது அடங்கியிருக்கிறது. இரண்டு தடவை வட்டி கட்டியதாகிவிடும். திரும்பக் கிடைக்கும் விற்பனை வரியை நீக்கி விலையை எடுங்கள், திரும்பக் கிடைக்காது என்றால் சேர்த்து எடுங்கள். விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்கிறீர்கள் என்றால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: மின்கட்டணம் ஏறும், சம்பளம் ஏறும், தேய்மானம் மட்டும் வாங்கிய விலையிலேயே உறைந்து நிற்கும். அதனால் பெயரளவு வட்டி விகிதத்தில்தான் (விலைவாசி ஏற்றத்தையும் உள்ளடக்கிய விகிதம்) இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

388 எங்கிருந்து வந்தது

வரியை நுணுக்கி நுணுக்கிப் போட்டுவிட்டு மின்சாரத்தை விற்பனையாளர் தந்த காகிதத்திலிருந்து எடுத்தால் எல்லாம் பாழ். பழையதன் உள்வரும் மின்கம்பிகளில் மின்பதிவுக் கருவியை மாட்டி, முழு வேலைவாரம் ஒன்றாவது பதிவு எடுக்க வேண்டும். நம் கம்ப்ரசர் சுமையில் 42 கிலோவாட் இழுக்கிறது, ஆண்டுக்கு 4000 மணி. காற்று தேவைப்படாமல் சும்மா சுற்றும்போது 13 கிலோவாட், 2000 மணி. மொத்தம் 1,68,000 + 26,000 = 1,94,000 கிலோவாட் மணி. ஆயிரத்துக்கு 2 அலகு வீதம் 388. புதியது வேகத்தைத் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்வதால் 1,50,000, ஆக 300.

சும்மா சுற்றும் அந்த 2000 மணிதான் புதியதன் சாதகத்தில் பெரும்பங்கு. உங்கள் கம்ப்ரசர் பெரும்பாலும் முழுச் சுமையிலேயே ஓடுகிறது என்றால் வேகம் மாற்றும் டிரைவ் மிச்சம் தராது. டிரைவ் தானே கொஞ்சம் மின்சாரம் தின்பதால் செலவு சற்றுக் கூடவும் செய்யும்.

பழையதன்மேல் அநியாயப் பழி சேராமலும் பார்க்க வேண்டும். குழாய்க் கசிவு கம்ப்ரசரின் குற்றம் இல்லை. காற்றுப் பயன்படுத்தும் இயந்திரங்களை எல்லாம் நிறுத்திவிட்டு கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். சுமையில் ஓடும் நேரத்தையும் சுமையின்றி ஓடும் நேரத்தையும் பத்துச் சுற்றுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். சுமை நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவின் பங்கு கிடைக்கும். சுமையில் 1 நிமிடம், சுமையின்றி 3 நிமிடம் என்றால் கசிவு 25 சதவீதம். பராமரிக்காத குழாய் அமைப்பில் இது அபூர்வமே இல்லை. கசிவை அடைத்துவிட்டு மறுபடி அளந்தபின் வரும் எண்ணைத்தான் பழையதன் கணக்கில் போட வேண்டும். கசிவை அடைப்பதால் வரும் மிச்சத்தைப் புதுக் கம்ப்ரசரின் சாதனையாகக் காட்டும் மதிப்பீடுகள் நிறையச் சுற்றுகின்றன.

அழுத்தமும் அப்படித்தான். பட்டறைகளில் வழக்கமான அழுத்த எல்லையில் 1 பார் (அழுத்தத்தின் அலகு) கூட்டினால் மின்சாரம் 6 முதல் 7 சதவீதம் ஏறும். காற்றிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் ஆயில் செப்பரேட்டர் அடைத்துக்கொண்டால் அதன் இரு பக்கத்துக்கும் இடையே அழுத்த வேறுபாடு 0.8, 1 பார் என்று ஏறும், வெளியே அதே காற்றைத் தர மோட்டார் அந்த அளவுக்குக் கூடுதலாக உழைக்கும். கேஜில் தெரிவது வெளியழுத்தம் மட்டும் என்றால் யாருக்கும் தெரியாது, மின்கட்டணத்தில்தான் தெரியும்.

இதை ஓவர்ஹால் முடிவோடு சேர்த்துப் பாருங்கள். 11 அலகு சாதகம் இருந்ததே, ஓவர்ஹாலுக்குப் பிந்தைய மூன்று ஆண்டிலும் ஓட்டும் செலவு நாம் நினைத்ததைவிட ஆண்டுக்கு 22 கூடினால் அது முழுசாகக் கரைந்துவிடும். 22 அலகு என்பது 11,000 கிலோவாட் மணி, பழையதன் ஆண்டு மின்சாரத்தில் 5.7 சதவீதம். ஒரு செப்பரேட்டரை மாற்றாமல் விட்டால் போகும் அளவுதான் அது. ஆகவே ஓவர்ஹாலுக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே வேலை முடிந்தபின் எடுக்க வேண்டிய அளவுகளை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்: சுமையில் எத்தனை கிலோவாட், எந்த அழுத்தத்தில், நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று. பணத்தில் ஒரு பகுதியை அந்த அளவு வரும்வரை நிறுத்திவைக்கலாம். அப்படி எழுதித் தர யாரும் ஒப்பவில்லை என்றால் 430.9 என்ற எண்ணை நம்ப ஆதாரம் இல்லை, 441.9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.